இரட்டை மணிச் சோதனை

புதிய ஆட்கள் யாரும் அவருடைய போனை எடுப்பதில்லை. சிக்கல் இவ்வளவுதான். ஆனால் இரண்டு மாதமாக அதன் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மனைவி எடுத்தாள். மாமியார் எடுத்தார். பத்து வருடப் பழக்கமுள்ள வாடிக்கையாளர்கள் எடுத்தார்கள். "கதவுக்குக் கேமரா மணி வைக்கணும், உங்க ஆளைப் பேசச் சொல்லுங்க" என்று எலக்ட்ரிக் கடையில் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அவர்கள்தான் எடுப்பதில்லை. மணி போகும், போய்க்கொண்டே இருக்கும், தானாக நிற்கும். மறுபடி அழைத்தால் பாதியில் வெட்டிவிடுவார்கள்.

அவர் தொழில் கேமரா மணி பொருத்துவது. வாசலில் பொத்தானை அமுக்கினால் வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும் அவருடைய போன் ஒலிக்கும், நிற்பவரின் முகம் திரையில் தெரியும். ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே இதையும் ஒரு பழுதாகவே எடுத்துக்கொண்டு, பழுதுக்குரிய மரியாதையோடு ஆராய்ந்தார். சிம்மைக் கழற்றித் துடைத்து அடுத்த துளையில் போட்டார். வேறு போனில் போட்டார். காலையில் அழைத்தார், மதியம் அழைத்தார், சாயங்காலம் அழைத்தார். கடைசியாக மனைவியின் போனிலிருந்து அதே ஆளை அழைத்தபோது இரண்டாவது ஒலியில் எடுத்துவிட்டார்கள். ஆக, கோளாறு போனில் இல்லை, நேரத்தில் இல்லை. அவருடைய எண்ணில்தான் இருந்தது.

"உங்க குரல் பிடிக்கலையோ என்னவோ," என்றாள் மனைவி.

"எடுத்தாத்தானே குரல் கேக்கும்."

"அதுவும் சரிதான். அப்ப எடுக்காமலே பிடிக்கலை."

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவருடைய சகலையின் போனை மட்டும் ஊரே எடுத்தது.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்புவரை செருப்புக் கடையில் ஆட்களின் கால் அளவு பார்த்துக்கொண்டிருந்தவர். "இதுல என்ன சகல, நாலு ஸ்க்ரூ, ஒரு பாஸ்வேர்ட்" என்று சொல்லிக்கொண்டே இந்தத் தொழிலுக்குள் நுழைந்தார். இன்றைக்கு அவரிடம் பக்கவாட்டில் படம் போட்ட வண்டி இருக்கிறது. மடக்கு ஏணி இருக்கிறது, அதுவும் சிவப்பு நிறத்தில். மாமியார் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஆள் ஒரு கையால் போனை எடுத்து யாரையோ அழைப்பார். அரை ஒலிகூடப் போகாது, அந்தப் பக்கம் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கேட்கும். ஒலிபெருக்கியில் வேறு போட்டுக்கொள்வார். மாமியாருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். "சின்ன மாப்பிள்ளைக்கு எப்பவும் வேலைதான், பாவம்," என்பார். பெரிய மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வயிற்றில் சோறு போகிற இடத்தில் நெருப்புப் போகும்.

வேலையில் சகலை தன் கால் தூசிக்கு வருவாரா என்று அவர் தினமும் ஒருமுறை தன்னையே கேட்டுக்கொள்வார். வரமாட்டார் என்று தினமும் பதில் கிடைக்கும். உதாரணத்துக்கு அந்த இரட்டை மணிச் சோதனை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவரே யோசித்துக் கண்டுபிடித்தது. கேமரா மணி இணையம் வழியாகப் போனை ஒலிக்கவைக்கிறது. அதே நொடியில் சாதாரண அழைப்பு ஒன்றும் வந்தால் என்ன ஆகும்? சில போன்களில் மணி அடங்கிப்போகும். வாசலில் ஒரு ஆள் நிற்பார், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அமைப்புகளில் ஒரே ஒரு இடத்தை மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் சோதித்தால்தான் எந்தப் போனுக்கு அது தேவை என்று தெரியும். எனவே ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் வாசலுக்குப் போய், ஒரு கையால் வீட்டுக்காரரின் போனை அழைத்து, மறு கையால் மணியை அமுக்கிப் பார்ப்பார். சகலை இதெல்லாம் செய்வதில்லை. மணி அடித்ததா, சரி, வண்டியை எடு. அந்த ஆளின் போனைத்தான் எடுக்கிறார்கள்.

வியாழக்கிழமை நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல்.

நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் எல்லாக் கதவுக்கும் மணி வைக்கப்போகிறார்கள் என்று எலக்ட்ரிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் குடியிருப்பின் செயலாளர் அம்மா, தபால் நிலையத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்: இரண்டு பேரிடம் விசாரிப்போம், வியாழன் காலை பத்து மணிக்கு அழைக்கச் சொல்லுங்கள். மணி பொருத்துகிறவருக்கு அது சும்மா ஒரு வேலை இல்லை. இரண்டு மாதமாகப் புது வேலையே வராமல், பழைய வீடுகளில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால், சகலையிடமே போய் "உங்க வண்டியில இடம் இருக்கா" என்று கேட்க வேண்டியதுதான். அதைவிடச் செருப்புக் கடையில் போய்க் கால் அளவு பார்க்கலாம் என்று இருந்தது.

பத்து மணிக்கு அழைத்தார். எடுக்கவில்லை. பத்து மூன்றுக்கு அழைத்தார். பத்தே காலுக்குள் ஐந்து தடவை. ஐந்தாவது தடவை வெட்டிவிட்டார்கள். அவர் நேராகக் கடைக்குப் போய், கடை போனிலிருந்து அழைத்தார். முதல் ஒலியிலேயே எடுத்தார்கள்.

"பத்து மணிக்குப் போனைக் கையில வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்," என்றார் செயலாளர் அம்மா. குரலில் முத்திரை குத்துகிற அழுத்தம். "உங்ககிட்ட இருந்து வரலை."

"அஞ்சு தடவை கூப்பிட்டேம்மா."

"ஏதோ தொல்லை நம்பர்தான் அஞ்சு தடவை வந்துச்சு. சொன்ன நேரத்துக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதவர் நாற்பத்தெட்டு வாசலை எப்படிப் பாத்துப்பார்? இன்னொருத்தர் கரெக்டா கூப்பிட்டார். சனிக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி. வரணும்னா வாங்க. நான் எதுவும் வாக்கு குடுக்கலை."

இன்னொருத்தர் யார் என்று கேட்கத் தேவையில்லை. கேட்டார். சகலைதான்.

கடைக்காரர் முந்தின நாள்தான் புது போன் வாங்கியிருந்தார். பழைய எண்கள் எதுவும் இன்னும் அதில் ஏறவில்லை. "எங்க, இதுக்கு ஒரு ரிங் அடிங்க, சேமிச்சுக்கிறேன்," என்று நீட்டினார். அவர் அழைத்தார். கடைக்காரரின் புதுத் திரையில் பெரிய எழுத்தில் ஒரு சொல் வந்தது.

எடுக்காதீங்க.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன் ஒலித்துக்கொண்டே இருந்தது.

"அதான் சொல்லுதே," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "இதுல பேரு காட்டுற ஆப் இருக்குங்க. நமக்குத் தெரியாத நம்பர் வந்தாலும் யாருன்னு காட்டும்."

"அவனுக்கு அடிங்க. என் சகலைக்கு. உங்களைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லுங்க."

கூப்பிட்டார். சகலை திருப்பிக் கூப்பிட, திரையில் 'பெல் டாக்டர்' என்று வந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை அடையாளம் வேறு.

காதில் புகை வராத குறை. வண்டியை எங்கே நிறுத்தினோம் என்றே மறந்து, கடையை இரண்டு தடவை சுற்றினார். இவ்வளவு நாளும் அவர் தன் எண்ணைத்தான் சந்தேகப்பட்டார். இப்போது விளங்கிவிட்டது. யாரோ வேண்டுமென்றே பேரைக் கெடுத்திருக்கிறார்கள். யாருக்கு லாபமோ அந்த ஆள்தான். இதற்கு ஆராய்ச்சி எதற்கு?

சாயங்காலம் சகலை வீட்டுக்குப் போனார். சகலை முன்னறையில் சிவப்பு ஏணியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பாதி பேச்சு மறந்துவிட்டது.

"வாங்க சகல. என்ன முகம் இப்படி இருக்கு, ஷாக் அடிச்சிருச்சா?"

"அடிச்சது நீ. என் நம்பர் எல்லார் போன்லயும் எடுக்காதீங்கன்னு வருது. உன்னுது பெல் டாக்டர்னு வருது. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்."

சகலை துணியைக் கீழே வைத்தார். "என் போன்லயும் சேமிச்ச பேருக்குக் கீழே அப்படித்தான் வருது சகல. ரெண்டு மாசமா. நீங்களா வச்சுக்கிட்டதுன்னு நினைச்சேன். கடன்காரனுக்குப் பயந்து வச்சிருப்பீங்கன்னு கேக்கலை."

"பாத்தியா, தெரிஞ்சிருந்தும் சொல்லலை."

"சொன்னா மட்டும் சந்தோஷமா கேட்டுப்பீங்களா? போன வாரம் 'உங்க ட்ரில் பிட் மழுங்கியிருக்கு'ன்னு சொன்னதுக்கே மூணு நாள் பேசலை."

உள்ளேயிருந்து மச்சினி வந்தாள். கண் மருத்துவமனையில் முன்பதிவு மேசையில் வேலை. ஒரு நாளைக்கு எண்பது பேருக்குப் போன் போட்டு "நாளைக்கு உங்க முறை" என்று ஞாபகப்படுத்துகிறவள். போனை எடுக்காத மனிதர்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை.

"மாமா, உட்காருங்க. இவர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஒரு ஆளால இதைச் செய்யவே முடியாது," என்றாள். "அந்த ஆப் எங்க இருந்து பேரை எடுக்குதுன்னு தெரியுமா?"

"எங்க இருந்து?"

"நம்ம போன்ல இருந்துதான். ஆப்பைப் போடும்போது 'உங்க தொடர்புகளைப் பாக்கலாமா'ன்னு கேக்கும். எல்லாரும் படிக்காம சரின்னு அமுக்கிருவாங்க. உடனே அந்தப் போன்ல இருக்கிற மொத்த நம்பரையும், யாரை எந்தப் பேர்ல வச்சிருக்கோமோ அந்தப் பேரோட வாரிக்கிட்டுப் போயிரும். அப்புறம் ஒரே நம்பர் எத்தனை போன்ல என்ன பேர்ல இருக்குன்னு பாக்கும். எந்தப் பேர் அதிகமோ, அதைத்தான் ஊருக்குக் காட்டும். ஒரே ஒரு போன்லதான் இருக்குன்னா, அதையே காட்டும்."

"நான் அந்த ஆப்பே போடலையேம்மா."

"நீங்க போட வேண்டாம் மாமா. உங்க நம்பர் வச்சிருக்கிறவங்க போட்டாப் போதும். நம்ம வீட்டுக் கதவை நம்ம பூட்டி என்ன, நம்ம சாவி ஐந்நூறு பேர் வீட்டுல தொங்குது."

அவருக்கு அந்த எந்திரத்தின் அமைப்பு பிடித்துப்போனது. கோபத்துக்கு நடுவிலும் அதை மனதுக்குள் ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பார்த்துக்கொண்டார். ஐந்நூறு குறிப்புப் புத்தகங்கள், ஒரு பெரிய கூடை, கூடையில் எந்தச் சீட்டு அதிகமோ அதுவே பேர். எளிமையான அமைப்புதான்.

"பழைய ஆளுங்க எல்லாம் உங்களை ஒழுங்கான பேர்லதான் வச்சிருப்பாங்க," என்று மச்சினி தொடர்ந்தாள். "அதைத் தோக்கடிக்கணும்னா அதைவிட அதிகம் பேர் எடுக்காதீங்கன்னு எழுதியிருக்கணும். நூறு பேராவது. இவருக்கு நூறு சிநேகிதர் கிடையாது. நூறு பேர் சேர்ந்து கோபப்படுற மாதிரி நீங்கதான் ஏதோ பண்ணியிருக்கீங்க."

"அப்ப இவனுக்கு மட்டும் நூறு பேர் சேர்ந்து டாக்டர் பட்டம் குடுத்தாங்களாக்கும்?"

சகலை முதல்முறையாகக் கொஞ்சம் நெளிந்தார். "அது நானே போட்டது சகல. வேலை முடிஞ்சதும் வீட்டுக்காரங்க போனை வாங்கி, 'என் நம்பரைச் சேமிச்சுத் தரேன்'னு நானே அப்படி அடிச்சுக் குடுத்துருவேன். இதுலயும் தொல்லை இருக்கு. நேத்து ஒரு பாட்டியம்மா மூட்டுவலிக்கு மருந்து கேட்டாங்க."

பெரிய மாப்பிள்ளைக்கு அன்று கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். தானே சூட்டிக்கொண்ட பட்டம். வீடு திரும்பும் வழியெல்லாம் அதை நினைத்து நினைத்து ருசித்தார். அந்த ருசியில், சகலை சொன்னதன் மற்ற பாதியை, அதாவது வீட்டுக்காரர் போனில் பொருத்த வந்தவரே பேரைத் தட்டிக் கொடுப்பதை, அவர் யோசிக்கவே இல்லை. பொறாமை அப்படித்தான் வேலை செய்யும். அடுத்தவன் தட்டை எட்டிப் பார்க்கும்போது நம் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பல் மருத்துவர் வீட்டில் வேலை. அந்தப் பெண்மணி தானே அழைத்து வரச்சொன்னதால் கிடைத்த வேலை. கதவுச் சட்டத்தில் துளையிட்டு, தூசி விழாமல் அடியில் காகித உறை ஒட்டி, ஒயரைச் சுவரோடு சுவராக இழுத்து, பதினொன்றரைக்கெல்லாம் முடித்துவிட்டார். மிச்சம் இரட்டை மணிச் சோதனை.

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்கம்மா. வாசல்ல இருந்து நான் கூப்பிடுவேன், அதே நேரத்துல மணியும் அடிப்பேன். ரெண்டும் சேர்ந்து வருதான்னு மட்டும் பாருங்க. போனை எடுத்துராதீங்க, எடுத்தா மணி கட்டாகி, மறுபடி முதல்ல இருந்து பண்ணணும்."

"சரிங்க."

எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். போன் அடித்ததும் கை பழக்கத்தில் எடுத்துவிடுவார்கள். முதல் பத்து வீடுகளில் அப்படி ஆகி, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவர் வீட்டுக்காரரின் போனை வாங்கி, தன் எண்ணைப் புதிய தொடர்பாகச் சேர்த்து, பேர் எழுதும் கட்டத்தில் ஞாபகமூட்டலாக ஒரு சொல்லை அடித்துவைப்பார். அழைப்பு வரும்போது அந்தச் சொல்லே திரை முழுக்கத் தெரியும். தூக்கின கை நின்றுவிடும். அருமையாக வேலை செய்கிற ஏற்பாடு. ஒருவர்கூட அதன்பின் எடுத்ததில்லை.

பல் மருத்துவரின் போனில் தன் எண்ணைப் போட்டார். பேர் கட்டத்தைத் தொட்டார். விரல், தலையைக் கேட்காமல், ஒன்றரை வருடப் பழக்கத்தில் அடித்தது.

எ. டு. க்.

விரல் அங்கேயே நின்றது.

"என்னங்க, மாட்டிக்கிச்சா?" என்றார் பல் மருத்துவர்.

"ஆமாம்மா," என்றார். "மாட்டிக்கிச்சு."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை வருடம். வாரத்துக்கு மூன்று வீடு, நான்கு வீடு. முந்நூறு போன்களில், தன் கையால், எழுத்துப்பிழைகூட இல்லாமல், தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கிறார். "சோதனை முடிஞ்சதும் பேரை மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். யார் மாற்றப்போகிறார்கள்? அதில் பாதிப் பேர் போனில் அந்த ஆப் இருந்திருக்கும். கூடையில் சீட்டு நிறைந்துவிட்டது. சகலை ஒவ்வொரு வீட்டிலும் பட்டம் எழுதிவிட்டு வந்தார். இவர் ஒவ்வொரு வீட்டிலும் தடை எழுதிவிட்டு வந்திருக்கிறார். அதுவும் எந்தச் சோதனையால் சகலையைவிடத் தான் உசத்தி என்று நினைத்தாரோ, அதே சோதனையால்.

நேற்று சகலையின் வீட்டு முன்னறையில் நின்று பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அதைவிட மோசமானது, சகலையிடம் தப்பே இல்லை என்று தெரிந்தும் பொறாமை ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. குற்றவாளியாக இருந்தபோதாவது அந்த ஆளை வெறுக்க ஒரு காரணம் இருந்தது.

அடித்த மூன்று எழுத்தை அழித்தார். 'கேமரா மணிக்காரர்' என்று அடித்தார். பல் மருத்துவர் போனை எடுத்துவிட்டார், இரண்டு தடவை. மூன்றாவது தடவை சோதனை சரியாக வந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குடியிருப்பின் தரைத்தளத்துக் கூட்ட அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் அம்மா நடுவில். சகலை முன்னாடியே வந்து, வண்ணத்தில் அச்சடித்த காகிதங்களை எல்லாருக்கும் கொடுத்து முடித்திருந்தார். மூலையில் இருந்தவர் காகிதத்தால் விசிறிக்கொண்டே அதைப் பாராட்டிக்கொண்டிருந்தார். இவர் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லை.

"வியாழக்கிழமை என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லுங்க," என்றார் செயலாளர் அம்மா.

சொல்லிவிடுவதா என்று ஒரு நொடி யோசித்தார். எதிரே சகலை. சொன்னால் சாயங்காலத்துக்குள் மாமியார் வீடு வரை போகும். சொல்லாவிட்டால் இந்த அம்மாவுக்கு அவர் ஐந்து தடவை வந்த தொல்லை நம்பராகவே இருக்க வேண்டியதுதான். சொன்னார். மணி எப்படி அடங்கும், சோதனை எதற்கு, என்ன எழுதினார், அது எப்படி ஊர் முழுக்கப் போனது என்று ஒன்று விடாமல் சொன்னார். எந்திரம் எப்படி ஓடுகிறது என்று விளக்க ஆரம்பித்தால் அவருக்கு வெட்கம் மறந்துவிடும்.

"அப்ப உங்களை எடுக்கக் கூடாதுன்னு நீங்களே எனக்குச் சொல்லியிருக்கீங்க. நானும் பேச்சைக் கேட்டிருக்கேன்," என்றார் செயலாளர் அம்மா. ஏழு பேரும் சிரித்தார்கள். சகலைதான் சத்தமாகச் சிரித்தார்.

"சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்மா," என்றார் இவர். "பேரைக் காட்டுச்சுன்னா, உங்க போன்லயும் அந்த ஆப் இருக்கு. இந்தக் குடியிருப்புக்காரங்க நம்பரை எல்லாம் எந்தப் பேர்ல வச்சிருக்கீங்க?"

"ஞாபகத்துக்காக விவரமாத்தான் வச்சிருப்பேன்." போனைத் திறந்து, தபால் முகவரி வாசிக்கிற குரலில் வாசித்தார். "ரெண்டாவது மாடி, மாடிப்படி ஓரம், ஜூன் வரைக்கும் வெளிநாடு. நாலாவது மாடி, சாவி வாட்ச்மேன்கிட்ட. மூணாவது மாடி டீச்சர், தனி ஆள்..."

வாசிப்பு நின்றது. மூன்றாவது மாடி டீச்சர் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க போன்ல இருந்து என் சகலைக்கு ஒரு கால் பண்றீங்களா டீச்சர்?" என்றார் இவர். "அவர் போன்லயும் அந்த ஆப் இருக்கு. உங்க நம்பர் அவருக்குத் தெரியாது."

டீச்சர் அழைத்தார், செயலாளர் அம்மாவைத் தவிர அதிகம் பேருக்குக் கொடுக்காத புது எண்ணிலிருந்து. சகலை தன் போனைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. போனை மேசைமேல் வைத்து மற்றவர்கள் பக்கம் திருப்பினார். 'மூணாவது மாடி டீச்சர் தனி ஆள்' என்று அது ஒலித்துக்கொண்டிருந்தது.

"நாம வாசலுக்குக் கேமரா வைக்கப்போறோம்," என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல்.

செயலாளர் அம்மா தன் போனை மூடிவிட்டுச் சகலையைப் பார்த்துக் கேட்டார்: "அந்த இரட்டைச் சோதனையை நீங்களும் பண்றீங்களா?"

சகலை பொய் சொல்லியிருக்கலாம். இவர் அதைத்தான் எதிர்பார்த்தார். உள்ளுக்குள் ஆசைப்படவும் செய்தார். சகலை மிச்சமிருந்த வண்ணக் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "இல்லீங்க. அது அவர் மட்டும்தான் பண்ணுவார். அப்படி ஒரு கோளாறு இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். என் வீட்டுக் கதவுக்கே அவரைத்தான் கூப்பிடணும் போல," என்றார்.

வேலை இவருக்குக் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் நாற்பத்தெட்டு வீடு, தனியாக முடிகிற காரியம் இல்லை. வெளியே வந்ததும் இவரே சகலையிடம் "அந்தச் சிவப்பு ஏணியோட வர்றியா" என்று கேட்க வேண்டியிருந்தது. வருகிறேன் என்றார், ஒரு கிண்டலும் இல்லாமல். நியாயமாகப் பார்த்தால் நெருப்பு அணைந்திருக்க வேண்டும். இல்லை. ஜெயித்தது நாம், ஆனால் தோற்பதைக்கூட இந்த ஆள் எவ்வளவு அழகாகத் தோற்கிறான் என்று, படம் போட்ட அந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மதியம் மச்சினி போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் காரியத்தில் இறங்கினார். பழைய வாடிக்கையாளர்களை அழைத்துப் பேரை மாற்றச் சொன்னார். ஒரு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "எடுக்காதீங்கன்னு வந்தா நீங்கன்னு தெரிஞ்சுதான் எடுக்கிறேன். மாத்துனா எனக்குக் குழம்பிரும்," என்றார். மீதிப் பேருக்கு ஒரே செய்தியாக அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் செயலாளர் அம்மா அவரையே எழுதி ஒட்டச் சொன்னார். அவர் எழுதியது இது:

"பேர் காட்டும் ஆப்பை நீங்கள் போடாவிட்டாலும் உங்கள் எண் அதில் இருக்கலாம். அந்த ஆப்பின் இணையதளத்தில் 'எண்ணை நீக்கு' என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே உங்கள் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் குறியீட்டைப் போட்டால் உங்கள் பேர் போய்விடும். ஒன்றிரண்டு நாள் ஆகும். ஆப்பை நீங்களே போட்டிருந்தால் முதலில் அதில் உள்ள கணக்கை மூடுங்கள், பிறகு ஆப்பை நீக்குங்கள். வெறுமனே ஆப்பை நீக்கினால் அது வாரிக்கொண்டு போன எண்கள் அங்கேயே இருக்கும். போன் அமைப்புகளில் 'அனுமதிகள்', அதற்குள் 'தொடர்புகள்' என்று போய்ப் பாருங்கள். உங்கள் எண் பட்டியலைப் பார்க்கத் தேவையில்லாத ஒவ்வொரு ஆப்புக்கும் அனுமதியை நிறுத்துங்கள். டார்ச் லைட்டுக்கு உங்கள் சொந்தக்காரர்கள் யார் என்று தெரிய வேண்டியதில்லை. யாரையும் பேரால் மட்டும் சேமியுங்கள். தனியாக இருக்கிறார், வெளியூரில் இருக்கிறார், சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பேரோடு சேர்த்து எழுதாதீர்கள்."

தன் எண்ணையும் அப்படியே நீக்கினார். இரட்டை மணிச் சோதனைக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கிப் பழைய போனில் போட்டார். வீட்டுக்காரர் போனில் எதையும் சேமிப்பதை நிறுத்தி, சோதனை நேரத்தில் அந்தப் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். புதன்கிழமை காலை, கடையில் கிடைத்த ஒரு புது எண்ணுக்கு முதலில் "கேமரா மணி வேலைக்காக எலக்ட்ரிக் கடையிலிருந்து அனுப்பிய ஆள், இப்போது அழைக்கிறேன்" என்று செய்தி அனுப்பிவிட்டு, அப்புறம் அழைத்தார்.

இரண்டாவது ஒலியில் எடுத்தார்கள்.